இரண்டாவது வாக்கியம்: கடலூர், புதுச்சேரி கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்தவன். அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர். பத்தொன்பது வயதிலிருந்து இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. இந்த மடலைக் கம்ப்யூட்டரில் நானே தட்டச்சு செய்கிறேன். ஒவ்வோர் எழுத்தையும் அது வாய்விட்டுச் சொல்லும். கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்குக் கண்புரை முற்றிப்போய், கரும்பு லாரி எதிரே வருவதுகூடத் தெரியாமல் இருந்தார். ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கடா" என்பதுதான். அதைக் கேட்டு வார்டிலேயே அழுதுவிட்டேன். உங்கள் கைகளுக்கு எங்கள் குடும்பம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடித்து லட்சம் பேருக்கு மேல் கண் திறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனைக்கு நம் புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் பெயரைத்தான் வைத்தார். இன்று அதன் கிளை இருக்கும் தவளக்குப்பத்தில் பஸ் நின்றால் பாதிப் பேர் கண்ணில் பச்சைத்துணி கட்டியவர்களும் அவர்களைக் கைபிடித்து வருகிறவர்களுமாகத்தான் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள்.

இவ்வளவும் செய்கிற உங்களிடம்தான் ஒன்று கேட்கப் போகிறேன். உங்களால் திறக்க முடியாத கண்களைப் பற்றியது அது.

2003, மே மாதம். பிளஸ் டூ எழுதி முடித்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது. டியூஷன் விட்டு வரும்போது சாக்கடையில் விழுவேன். மாலைக்கண் என்று சொல்லி அம்மா ஆட்டு ஈரல் வதக்கிக் கொடுத்தார், முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் கொடுத்தார். அப்புறம் பகலிலும் பக்கவாட்டில் இருப்பவை மறையத் தொடங்கின. நேராகப் பார்த்தால் பேப்பரில் பொடி எழுத்தைப் படித்துவிடுவேன். எழுந்து நடந்தால் தெருவில் படுத்திருக்கும் மாட்டின் மேல் மோதுவேன். நடிக்கிறான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

ஒரு கண் மருத்துவரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, நெடுநேரம் பார்த்தார். எனக்கு அப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான் தெரியும். சொட்டு மருந்தில் அதுவும் கலங்கியிருந்தது. அவர் முகம் முழுசாக அந்தக் குழாய்க்குள் அடங்காது. அதனால் எழுதிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூடி போட்ட பேனா. அவர் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசினார்.

"இது ஆர்.பி.ம்மா. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா. இதுக்கு மருந்து கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா குறையும். சொந்தத்துல கல்யாணம் பண்ணீங்களா?"

"ஆமா சார். எங்க தாய்மாமனத்தான் கட்டிக்கினேன்."

"அதான்."

பேனாவின் நீல மூடி மாட்டப்பட்டது. அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விழித்திரையில் மங்கலான வெளிச்சத்துக்கு உதவும் செல்கள் முதலில் சாகும். அதனால்தான் இரவுப் பார்வை முதலில் போகிறது. பகல் பார்வைக்கான செல்கள் பின்னால் போகும். அன்றைக்கு மருந்து இல்லை என்பதும் உண்மை. 2017-ல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். சொந்தத்தில் கட்டினால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் சொந்தத்தில் கட்டாத வீடுகளிலும் இது வருகிறது. இருவரிடமும் அந்தக் கோளாறு ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, தப்பிக்க மூன்று பங்கு. இதைச் சொல்லியிருந்தால் என் தங்கையை அன்றைக்கே கூட்டிப்போய்ப் பார்த்திருப்போம். ஆறு வருஷம் கழித்துத்தான் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த ஆறு வருஷமும் இரவில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால், தட்டுத்தடுமாறாமல் போகிறாளா என்று அம்மா படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அதான்" என்ற அந்த மூன்றெழுத்தை அம்மா எங்கேயும் இறக்கி வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலைச்சாறு விடுகிறேன் என்ற ஒரு வைத்தியரிடம் ரெண்டு பவுன் சங்கிலி போனது. எரிச்சலில் மூன்று நாள் தூங்கவில்லை. செடல் திருவிழாவில் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார் அம்மா. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆலையில் கரும்பு அரைக்கும் மாதங்களில் காற்றில் பாகு வாசனை வரும். அது நின்றால் அரைவை முடிந்தது என்று தெரிந்துகொள்வேன். என் காலண்டர் அவ்வளவுதான். சாப்பாடு திண்ணைக்கே வரும். கழிப்பறைக்குப் போக அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், பத்தொன்பது வயதுப் பையனை.

எனக்கு மனஉறுதி இல்லாமல் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். பிளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவன். படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கொதிப்பை எதன்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. கண் தெரியாதவன் நடக்கலாம், படிக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மருத்துவரே முடியாது என்று சொல்லிவிட்டார் என்பதுதான் வீட்டில் பேச்சு. பார்வை வராது என்று நீங்கள் சொல்வது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வாழ்க்கை கிடையாது என்று ஆகிவிடுகிறது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படித்தான் போய்ச் சேர்கிறது.

2005-ல் ஒருநாள், அத்தை வீட்டுக்குப் போக அப்பாவோடு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஊதுவத்தி, கற்பூரம் விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். டக், டக் என்று தரையில் ஒரு சத்தம் அவருக்கு முன்னால் வந்தது. அப்பா வாங்க மறுத்தார். பேச்சிலிருந்தே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"பையனுக்கும் பார்வை இல்லையா? எவ்ளோ படிச்சிருக்கான்?"

"பிளஸ் டூ" என்றேன் நான்.

"அப்ப எதுக்குப்பா அப்பா கையைப் புடிச்சிக்கினு நிக்கிற? இதைப் புடி."

என் கையில் ஒரு கோலை வைத்தார். அலுமினியம். மேலே ரப்பர் பிடி, உள்ளே எலாஸ்டிக் கயிறு. நாலாக மடிந்தது, உதறினால் சடசடவென்று நீண்டு நின்றது. அதைத் தரையில் வைத்துத் தள்ளினேன். சிமெண்ட் தரை, ஒரு விரிசல், வாழைப்பழத் தோல், அப்புறம் ஒரு படி. அந்தப் படியை நான்தான் கண்டுபிடித்தேன். அப்பா சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் உலகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று நானாகத் தெரிந்துகொண்டது அதுதான் முதல்முறை. அந்த ரப்பர் பிடியின் சொரசொரப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

பார்வையற்றோருக்கான பயிற்சி மையம், பிரெயில், கல்லூரி என்று எல்லாத் தகவலும் அவரிடம் இருந்தன. பஸ் வருவதற்குள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஒரு மருத்துவமனையில் கிடைக்காதது ஒரு ஊதுவத்திக்காரரிடம் கிடைத்தது.

சென்னைப் பக்கம் ஒரு மையத்தில் சேர்ந்தேன். கோலின் உயரம் நெஞ்செலும்பு வரை. வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும். இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தடவிப் பார்த்துவிடுகிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் மாதம் முழங்காலில் காயம் ஆறவே இல்லை. பிரெயில் இன்னும் கடினம். ஆறு புள்ளிகள், அவற்றில் 63 வடிவங்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். இருபது வயது விரலுக்கு எல்லாம் ஒரே மேடாகத்தான் தெரியும். லூயி பிரெயிலுக்கு மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திக் கண் போனது. 1824-ல், பதினைந்தாம் வயதில், இந்த எழுத்தை உருவாக்கிவிட்டார். புதுச்சேரியை ஆண்ட நாட்டில் பிறந்த அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகும் தடவிக்கொண்டிருப்பேன். இருட்டில் படிக்க எங்களுக்கு விளக்கு வேண்டாமே. மூன்றாம் மாதக் கடைசியில் விரல் ஒரு சொல்லை முழுதாகப் படித்தது. பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் குத்தி வைத்திருந்தார்: நெல்லிக்குப்பம்.

அப்புறம் பி.லிட்., எம்.ஏ., பி.எட்., சொல்வதை எழுதுகிறவர்களைத் தேடி அலைந்தது, தேர்வுகள். 2015-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அதையெல்லாம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வழி தெரிந்த பிறகு எல்லாரும் படுகிற பாடுதான்.

விழாக்களில் என்னை மேடையேற்றி, தன்னம்பிக்கைக்கு இவரைப் பாருங்கள் என்கிறார்கள். மதுரைப் பெண் பூரண சுந்தரி 2019-ம் ஆண்டுக்கான குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்ததையும், பெனோ ஜெபின் பார்வையே இல்லாமல் வெளியுறவுப் பணிக்குப் போனதையும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். அந்தப் பெயர்களை நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் நான் ஒன்றைக் கண்ணாரக் கண்டவன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனும் கோலைப் பிடித்து நடந்த பையனும் ஒரே ஆள். நடுவில் வந்தது அந்தப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகுதான் என் உறுதிக்கு வேலை வந்தது. வேலை செய்யச் செய்யத்தான் நம்பிக்கையும் வந்தது.

நம் பழைய தென்னாற்காட்டுத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரில் சொன்ன சத்தியத்தை மீறிப் புறப்பட்டதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் கிடைத்தன. இந்த இரண்டுக்கும் முன்னால், திருவெண்பாக்கத்தில், அவருக்கு முதலில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்தானா என்று அவர் வருந்தித்தான் பாடினார். ஆனால் அந்தக் கோலை ஊன்றித்தான் காஞ்சி வரைக்கும் நடந்தார். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். திருவாரூர்த் தண்டியடிகளும் அப்படித்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கோயில் குளத்தைத் தோண்டத் துணிந்தார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரைமேல் ஒரு கம்பு, நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அவருடைய உறுதியைப் பாடுகிறோம். அந்தக் கயிற்றையும் சேர்த்துப் பாட வேண்டும் என்பது என் ஆசை.

நான் உங்களிடம் கேட்பது அந்தக் கயிற்றின் ஒரு முனையைத்தான். இனிப் பார்வை வராது என்ற வாக்கியத்தை நீங்கள் சொல்லத்தான் வேண்டும். பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அது சங்கிலியை விற்க வைக்கும். ஆனால் அதோடு பேனாவை மூடிவிடாதீர்கள். இரண்டாவது வாக்கியத்தையும் சொல்லுங்கள்: "பார்வை இல்லாமல் நடக்கவும் படிக்கவும் வேலை செய்யவும் முடியும், அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் இது." ஒரு சீட்டில் விலாசத்தை எழுதிக் கொடுங்கள். நோயாளியிடமே பேசுங்கள், அவருக்குப் போனது கண்தான், காது இருக்கிறது.

பார்வைப் புலத்தை, அதாவது நேராகப் பார்க்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்பதை, அளந்து பாருங்கள். போர்டில் உள்ள கடைசி வரியைப் படித்துவிடுகிறான் என்பதற்காகச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆர்.பி. பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் புலம் 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் அது பார்வையின்மைதான், நேர்ப் பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும். 40 டிகிரிக்குக் கீழே 10 வரை இருந்தால் குறைபார்வை. சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது அது எந்தக் கதவைத் திறக்கும் என்றும் ஒரு நிமிஷம் சொல்லுங்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் எங்களுக்கு. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் சேர்த்து 5 சதவீதம். கடலூர்க்காரர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. ஊர்ப்பக்கத்துச் சனங்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. நீங்கள் சொன்னால் மறுநாளே போவார்கள். ஆசிரியர் சொன்னால்கூட யோசிப்பார்கள். டாக்டர் சொன்னால் யோசிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மிக எளிதானது. இன்று எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதில் டாக்பேக் என்று ஒன்று காசில்லாமல் உள்ளேயே இருக்கிறது. திரையில் விரல் படுகிற இடத்தைத் தமிழிலேயே படித்துச் சொல்லும். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. இருக்கிறது, அதுவும் இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கியது, இந்த மடலையும் அதுதான் படித்துக் காட்டுகிறது. உங்கள் அறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் போனிலேயே டாக்பேக்கைப் போட்டுக் காட்ட இரண்டு நிமிஷம் ஆகும். உங்களுக்கு நேரம் இல்லையென்றால் நர்ஸுக்கு, நோயாளிகளிடம் பேசும் ஆலோசகருக்குச் சொல்லிக்கொடுங்கள். நானே வந்து சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் போல நாலு பேர் வருவார்கள்.

ஒரு மடலால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்ற ஒருவரின் தாய், தன் பிள்ளை நீதிபதி தேர்வு எழுத முடியாதா என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக எடுத்துக்கொண்டு, பார்வையில்லை என்பதற்காக நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

அக்டோபரில் உலகப் பார்வை நாள் வருகிறது. பேரணி நடத்துகிறீர்கள், கண்தான உறுதிமொழி வாங்குகிறீர்கள். அதை ஒட்டியே 15-ம் தேதி வெள்ளைக்கோல் நாள். இந்த வருஷம் அந்த நாளிலாவது உங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு மேஜை போட்டு, நாலு கோல்களும் ஒரு பிரெயில் பலகையும் வையுங்கள். கோலைத் தொட்டுப் பார்க்கட்டும்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. விழித்திரைப் பரிசோதனைக்கு மாதாமாதம் புதுச்சேரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுக் காற்று முகத்தில் அடித்ததும் எனக்கு இடம் தெரிந்துவிடும். தூங்கிப்போன அம்மாவை எழுப்புவேன். அன்று மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து பெஞ்சில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், பதினாறு வயது மகன். உள்ளே போய்விட்டு வெளியே வந்ததும் அந்த அம்மா பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "நானும் மாமனத்தான் கட்டிக்கினேன். அதாம்மா இப்டின்றாங்க."

இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லைச் சுமக்கிற எங்கள் அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அத்த வுடு. இதோ இவன் என் புள்ள, வாத்தியாரு. இவன்தான் என்ன பஸ்ல கூட்டியாந்தான். மொதல்ல உன் புள்ளைக்கு ஒரு ஸ்டிக் வாங்கிக் குடு."

என் பையில் எப்போதும் ஒரு கோல் கூடுதலாக இருக்கும். எடுத்து உதறினேன். பையன் கையைத் தேடி அதில் வைத்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. நடையின் கோடியில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, சொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது சார் என்றான். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றேன். அவன் அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். எங்கள் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். டக், டக் என்று சத்தம் எங்களைவிட்டுத் தள்ளிப் போனது. நடுவில் ஒரு முறை எதிலோ இடித்து நின்றது. அப்புறம் மறுபடி தொடங்கியது. டம்ளர் சங்கிலி கலகலத்தது.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்,
நெல்லிக்குப்பம்